ஐந்தாவது சனிக்கிழமை

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், மாதத்தின் கடைசி சனிக்கிழமை பாறைக்கு வெடி வைப்பார்கள். வீட்டைவிட்டு விலகியிருக்கும்படி முதல் நாளே ஊராரின் செல்போனுக்கு எச்சரிக்கை போக, பைத்தானில் புரோகிராம் எழுதியவன் நான். கடைசி சனியை நான்காவது சனி என்று எழுதித் தொலைத்தேன். பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒன்றுதான். ஐந்து சனி வந்த மாதத்தில், எச்சரிக்கை ஒரு வாரம் முந்திப் போய்விட்டது. வெடித்த அன்று எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். செல்வி என்பவரின் வீட்டு ஓட்டைப் பிளந்து விழுந்த கல், அடுப்படியில் நின்ற அவர் மகளின் தோளை நொறுக்கியது.

மன்னிப்புக் கேட்கப் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினேன். நான் பேசி முடிப்பதற்குள் செல்வியின் கணவர் என் வாயில் குத்தினார். விழுந்தவனின் வலது கையை வாசற்படியில் அழுத்தி, உலக்கையை ஓங்கினார்.

"எம்புள்ள கை போச்சு. ஒனக்கு மட்டும் எதுக்குடா?"

செல்வி உலக்கையைப் பிடித்துக்கொண்டார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"கைய ஒடச்சிட்டா அந்தத் தப்ப யாரு திருத்துறது?" என்று கணவரிடம் கத்தினார். பிறகு என்னிடம், "இங்கயே ஒக்காந்து சரிபண்ணு. அப்பறம் அவரு அடிச்சா நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

உட்காரச் சொல்லி அடுப்படியில் கிடந்த அந்தக் கல்லையே காட்டினார். லேப்டாப்பைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண். நான்கை அழித்து, கடைசி என்பதற்கான மைனஸ் ஒன்றைப் போட்டேன். வாயிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது.

"தேதியெல்லாம் சத்தமா படி," என்றார் கணவர், உலக்கையோடு. புரோகிராம் இப்போது காட்டிய அந்த வருடத்து வெடி நாட்களைப் படித்தேன். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, உலக்கையை மூலையில் சாய்த்தார்.

நான் எழுதியதை அப்படிச் சோதித்துப் பார்த்தவர் அதுவரை யாருமில்லை, நான் உட்பட.