ஃபேன் நிற்கட்டும், அப்புறம் போவோம்

எங்கள் குடும்பத்தின் தலைமகனாகிய அண்ணன் அவர்கள், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுப் பால் வெட்டப் போனார். பிறகு வாகனம் ஓட்டப் பழகி, பழைய கார் ஒன்றை வாங்கினார். தோட்டத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் அந்தக் கார்தான் கேகாலை ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அண்ணன் எதற்கும் அசையாதவர். நானோ மின்னலுக்கே கதவைச் சாத்துகிறவள்.

ஏற்றத்தில் கார் அடிக்கடி கொதித்ததால், ரேடியேட்டருக்கு மின்சார ஃபேன் வைக்கத் தீர்மானித்தார். கடையில் பளபளத்த இரண்டு சின்ன ஃபேன்களை விட்டுவிட்டு, ரேடியேட்டரை ஏறக்குறைய முழுவதும் மூடும் பெரிய ஃபேன் ஒன்றை எடுத்தார். உள்பக்கம் இடமில்லாததால், முன்னாலிருந்து காற்றைத் தள்ளும்படி பொருத்தினார். பேட்டரியிலிருந்து தடித்த வயர், தனி பியூஸ், ரிலே, சூடேறினால் தானாக ஓடவிடும் சுவிட்ச் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். காரை நிறுத்திய பிறகும் அது சுற்றுவதைக் கண்டு நான் அலறியபோது, "பயப்படாத தங்கச்சி, சூடு எறங்குனா தானா நின்னுரும்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் காரின் முன் கிரில்லில் மாலை கட்டுவது எங்கள் வழக்கம். அண்ணனே கட்டுவார். ஃபேன் இப்போது அதற்கு நேர் பின்னால் இருக்கிறது என்பதை அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. அண்ணனின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஏற்றத்தில் போகும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால், மாலை நூல் ஃபேனில் சுற்றி இறுகி, பியூஸும் போயிருந்தது. பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. வேறு வாகனம் எதுவும் வரவில்லை. நான் கதறினேன்.

"ஓட்டுங்கண்ணே! புள்ள போயிரும்ண்ணே!"

"இப்ப ஓட்டுனா இஞ்சின் ஜாம் ஆயிரும். அப்புறம் நடுரோட்டுலதான் நிக்கணும்." நூலை அறுத்தெடுத்து வேறு பியூஸ் போட்டார். ஃபேன் சுற்றியது. "இது நிக்கட்டும். அப்புறம் போவோம்."

எதற்கும் அசையாத அண்ணன் அந்தப் பியூஸை இரண்டு தடவை தவறவிட்டதை நான் பார்த்தேன். ஃபேன் சத்தம் அடங்குவதற்குள் எந்தெந்தத் தெய்வத்தையோ கூப்பிட்டேன். அடங்கியது, போனோம், பிள்ளை பிழைத்தாள். அன்றிலிருந்து மாலை காரின் கூரையில்தான்.

கடைசி மாதங்களில் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார் ஒருநாள். அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கமே போயிற்று. இனி எங்களில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவேன் என்ற பயம் இன்றும் என்னை விடவில்லை.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், பந்தல் போட்ட தோட்டத்து மக்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த சிங்கள அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கு நாளன்று அண்ணனின் மகன் உறவினரை ஏற்றிவந்து காரை வாசலில் நிறுத்தியபோது, வந்திருந்த நீங்கள் அண்ணனின் பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்தீர்கள். கார் நின்றும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "மாமா சொல்லுவாங்கல்ல, அது நிக்கட்டும்" என்றாள் என் மகள். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. அது நின்ற பிறகே அண்ணனைத் தூக்கினீர்கள். அதற்காக உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.