அன்னம்மாளைப் பார்க்கக் கிளம்பிய கார்

ஜொகூர் பக்கம் மாசாயில் அந்த வரிசை வீடுகளில் ஸ்டானிஸ்லாஸின் கார்ப் பைத்தியம் தெரியாதவர்கள் கிடையாது. பாசீர் கூடாங் தொழிற்சாலையில் சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். அங்கே யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே இரண்டு நிமிடம் ஆகும். வீட்டுக் காரில் ஒரு சத்தம் கேட்டால் மட்டும் பறந்துவிடுவார். ஒவ்வொரு ஜூலையும் வடக்கே புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அந்தக் காரில்தான் குடும்பம் போகும். ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். ஒரு வாரம் முன்பே பானெட்டைத் திறந்துகொண்டு நின்றுவிடுவார். டயருக்குக் காற்று, ஸ்பேர் டயருக்கும் காற்று, எஞ்சின் எண்ணெய், பேன் பெல்ட், ரேடியேட்டர் தண்ணீர். பக்கத்து வீட்டு ஜெயபாலன், "நிலாவுக்கா போறீங்க அண்ணே?" என்று கேட்பதும், இவர் இன்னொரு துணியை எடுத்துத் துடைப்பதும் வருடாவருடம் நடப்பதுதான். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கார் ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை.

இந்த வருடம் இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டார். மனைவி சூசையம்மாளுக்கு மார்பில் கட்டி. செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை. தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூசையம்மாளோ ஒரே பிடியாக நின்றாள்.

"அன்னம்மாளப் பாத்துட்டு வந்தாதான் அந்தக் கட்டில்ல படுப்பேன். இல்லன்னா என்னைய விட்டுருங்க."

பிள்ளைகள் கெஞ்சினார்கள், அழுதார்கள். ஸ்டானிஸ்லாஸுக்குக் கெஞ்சத் தெரியாது. ரேடியேட்டருக்குப் புதுக் குழாய் வாங்கி மாட்டினார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியுமுன் இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழக்கமாகச் சாலையையும் சூடு காட்டும் முள்ளையும் மாறி மாறிப் பார்க்கிறவர், அன்று பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே மாதத்தில் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று நினைத்தார். யோங் பெங் தாண்டியதும் பானெட்டிலிருந்து புகை வந்தது. அப்போதுதான் பார்த்தார், முள் சிவப்பில் கிடந்தது.

ஓரத்தில் நிறுத்தி, சூடு தணியும்வரை காத்திருந்து திறந்தார். ரேடியேட்டர் மூடி சரியாக மூடியிருக்கவில்லை. அந்த மூடி பாதித் திருகில் ஒருமுறை நிற்கும். பிறகு அமுக்கி இன்னொரு திருகு திருக வேண்டும். தெரியாதவர்கள் நின்றதும் விட்டுவிடுவார்கள். முந்தின மாலை அவர் அமுக்கித்தான் திருகியிருந்தார்.

பின்சீட்டில் அன்னம்மாள் கோயில் தீர்த்தப் போத்தல் காலியாகக் கிடந்தது. போன வருடம் பிடித்து வந்தது. கிளம்பும்முன் கார்மேல் நாலு சொட்டுத் தெளிப்பது சூசையம்மாளின் வழக்கம். இந்த முறை, அன்று விடியற்காலை அவர் பானெட்டைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரம் பார்த்து, மொத்தத்தையும் ரேடியேட்டரிலேயே ஊற்றியிருக்கிறாள். அவருக்குக் கோபம் வரவில்லை.

இழுவை லாரியோடு வந்த மெக்கானிக் செல்வா எஞ்சின் எண்ணெயை எடுத்துப் பார்த்தான். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது. "எண்ணெயில தண்ணி கலந்துருச்சு அங்கிள். இன்னிக்கு இது ஓடாது லா."

"யோங் பெங்ல பஸ் பாப்போம் சூசை," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இல்ல, கால்வின காரு எடுத்துட்டு வரச் சொல்றேன். மகன் வராம இருப்பானா?"

"வேணாங்க. அன்னம்மாளே என்னைய வர வேணாம்னுட்டாங்க. செவ்வாக்கெழம ஆப்ரேஷனும் வேணாம். திரும்பிப் போலாம்."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அமைதியாகச் சொன்னாள். உண்மையைச் சொன்னால் நொறுங்கிப்போவாள் என்று பயந்தார்.

"அம்மாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூடிய நான்தான் சரியா மூடல. என் தப்பு."

சூசையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன வருஷத்துல ஒரு மூடிய மூடாம விட்டிருக்கீங்களா? உங்களையே மறக்க வெச்சிருக்காங்கன்னா, இதுக்கு மேல எனக்கு என்ன சொல்லணும்?"

தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டது அவருக்குப் புரிந்தது. பதறிப்போய் உண்மையைக் கொட்டினார். "இல்ல சூசை, பொய் சொன்னேன். நீதான் தீர்த்தம் ஊத்தியிருக்க. நீ மூடுனது பாதியிலேயே நின்னுருச்சு. உன் கைதான். வேற ஒண்ணுமே இல்ல."

"நிக்கிற வரைக்கும் திருகித்தான் மூடுனேன்."

"நின்னதுக்கப்புறம் அமுக்கணும் சூசை. இங்க பாரு." மூடியை அவள் முன்னால் கொண்டுவந்து திருகிக் காட்டினார். நிற்கிற இடத்தைக் காட்டினார். அமுக்குகிற இடத்தைக் காட்டினார். கையெல்லாம் கரி. அவள் மூடியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னைய அந்தக் கட்டில்ல படுக்க வைக்க என்னென்னமோ சொல்றீங்க. பாவம் நீங்க."

லாரியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அவர் மூடியும் கையுமாக அப்படியே நின்றார்.

"வாங்க, வெயில் ஏறுது," என்றாள். "ஆஸ்பத்திரி நம்பர் உங்க போன்லதான் இருக்கு. நான் வரலன்னு நீங்களே சொல்லிருங்க."