படம் முடிந்து ஒரு கோப்பி

கிள்ளானில் நானும் கணவரும் ஒரு படம் பார்த்தோம். வீட்டில் யாரும் மதிக்காத மனைவி ஒருத்தி கடைசியில் மேடையேறிப் பேசுகிறாள். என் கணவர் கைதட்டினார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போனோம். "பாஸ், ரெண்டு தே தாரிக். அவளுக்குச் சீனி கொறச்சி," என்று நுரைக்க ஆற்றிய பால் டீக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "படத்துல வந்தாளே, அவதான் லா பொம்பள! இப்படித் தைரியமா பேசணும்."

கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் சேர்த்து அவர்தான் ஆர்டர் கொடுப்பார். நானும் மறுத்ததில்லை.

"அண்ணே, எனக்கு தே வேணாம். கோப்பி கொடுங்க, சீனி நல்லா போட்டு," என்றேன்.

"நீ கோப்பி குடிப்பியா?" என்று விழித்தார் கணவர்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அதான் குடிப்பேன்."

படத்தில் அவளுக்காக அரங்கமே எழுந்து நின்றது. எனக்குக் கோப்பி வந்தது. அவர் குடித்து முடித்துவிட்டார், நான் அவசரப்படவில்லை.