பேர் சொல்லாத மருந்து

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று ஐம்பது. அஸர் தொழுதுவிட்டுப் பாயை மடித்துக்கொண்டிருந்தேன். மகள் கட்டிலிலிருந்து எழுந்து அலுமாரிக் கதவைத் திறந்து, உள்ளே தொங்கிய உடுப்புகளைப் பார்த்தபடி, "உம்மா, இதால எப்பிடி வெளிய போற?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். அவள் பகிடி விடவில்லை. அலுமாரியை வாசல் என்றே நினைத்திருந்தாள்.

அவளுக்குச் செங்கமாரி வந்து சில நாட்களாகியிருந்தன. கண் மஞ்சள், சிறுநீர் தேயிலைச் சாயம். டொக்டர் இரத்தம் பார்த்தார். வைரஸ்தான், ஓய்வெடுத்தால் தானாக ஆறும் என்றார். களைத்திருக்கும் ஈரலுக்கு வேறெதையும் கொடுத்து வேலை வைக்காதீர்கள் என்றும் சொல்லியனுப்பினார்.

எங்கள் ஊரில் செங்கமாரி என்றால் கீழ்க்காய்நெல்லிதான். பின்வளவில், தண்ணீர்ப் பைப்படி ஈரத்தில் தானாக முளைத்து நிற்கும். இலைக்காம்பின் கீழே கடுகளவில் காய்கள். அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கொடுப்பவர் மருந்தின் பேரைச் சொல்லக்கூடாது, குடிப்பவர் கேட்கக்கூடாது. சொன்னால் பலிக்காதாம். பாடசாலையில் நான் படிப்பிப்பது விஞ்ஞானம். ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் ராத்தா கோப்பையோடு வந்தபோது தடுக்கவில்லை. கூடப்பிறந்த மூத்தவள், என் மகளை முதன்முதலில் கையில் தூக்கியவள். அவள் எதைப் பிடுங்கினாள் என்பதையும் குசினி யன்னலால் பார்த்திருந்தேன். மூன்று காலை கொடுத்தாள். போதும் என்றேன். ஓம் என்றாள். கண் கொஞ்சம் தெளிந்தது. இலை தெளிய வைத்ததா, நாள் தெளிய வைத்ததா, எனக்குத் தெரியாது.

ராத்தாவுக்கு வேறோர் அவசரம் இருந்தது. அவள் பேசிக் கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரவிருந்தார்கள். தள்ளிப்போடுவோம் என்றேன்.

"தள்ளிப் போட்டா ஏன் எண்டு கேப்பாங்க. ஈரல் பழுதான புள்ள எண்டு பேர் விழுந்தா மறுகா ஆருகா வருவான்?"

கண் வெளுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அதன்பின் அவள் பேசவில்லை. எந்தக் கதையிலும் என்னிடம் தோற்காதவள் அன்று வாய் மூடியதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வியாழன், அலுமாரியடியிலிருந்து அவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர், வேறேதும் கொடுத்தீர்களா என்று கேட்டார். கீழ்க்காய்நெல்லி என்று பேரைச் சொன்னேன். அதைத் தவிர? ஒன்றுமில்லை. மறுபடியும் கேட்டார்.

"வல்லாஹி, ஒண்டுமில்ல டொக்டர்" என்றேன்.

மகள் கண்ணைத் திறக்காமலே, "போத்தல் முடிஞ்சிட்டு. பெரியம்மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

எந்தப் போத்தல் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு வாங்கினேன். கறுத்தக் கசாயம். நான் பின்னேர வகுப்புக்குப் போனதும் வேலிக்கு மேலால் வரும். உம்மாவிடம் சொல்லாதே, அவள் பயந்தவள் என்று ராத்தா சொல்லியிருக்கிறாள். இவளும் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்திருக்கிறாள். நான் படைத்தவன் பேரில் சத்தியம் செய்தது இவர்கள் இருவரின் பொய்யின் மேல்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறிக்கொண்டிருந்த ஈரலில் திரும்பவும் அடி விழுந்திருக்கிறது என்றார். குடித்தது என்னவென்று தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியத்தை உடனே விசாரிக்கலாம். தெரியாவிட்டால் இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வழியில்லை, மோசமானால் கொழும்புக்கு ஏற்ற வேண்டும் என்றார்.

ராத்தாவின் தொலைபேசி அடித்து அடித்து நின்றது. என் கணவர் போய்ப் பார்த்தார், வீடு பூட்டு. திரீவீலில் சவளக்கடைப் பக்கம் போனாள் என்று அயலில் சொன்னார்கள். ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மகள் இன்று பக்கத்து அறையில் தேறி நடமாடுகிறாள். ஆனாலும் அன்று ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்துகொண்டு என் ராத்தாவைப் பற்றி நினைத்தவற்றை என்னால் இன்னும் திருப்பி எடுக்க முடியவில்லை. அவள் கையால் ஒரு கோப்பைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் முடியவில்லை.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் வார்ட் வாசலில் வந்து நின்றாள். செருப்பெல்லாம் வயல் சேறு. முக்காடு தோளில் சரிந்திருந்தது. கையில் வெறும் போத்தல். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கேள்விப்பட்டதும், கசாயத்தைக் காய்ச்சிக் கொடுத்தவனைத் தேடிப் போயிருக்கிறாள். டொக்டரும் எழுந்து வந்தார். இதில் என்ன இருந்தது என்று அவர் கேட்க, அவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"கெஞ்சிக் கேட்டன்கா. பேர் சொல்லமாட்டானாம். சொன்னாப் பலிக்காதாம்."

"அப்ப என்ன மருந்தெண்டு ஒனக்கும் தெரியாதா?" என்று கேட்டேன்.

"நான் எப்பிடிக்கா கேக்குற?" என்றாள். "கேக்கப்போடாதெண்டுதானே."