வசந்தி நகர்த்திய நாற்காலிகள்

போன திங்கட்கிழமை வகுப்புக்கு வசந்திதான் முதல் ஆளாக வந்து நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு... பாதிக் கனவில் எழுந்து வந்தவள் போல.

வசந்தி என் மாணவி. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருவில், ஒரு பழைய பிரெஞ்சு வீட்டு மாடியில் இன்டீரியர் டிசைன் சொல்லிக்கொடுக்கிறேன். உயரமான கூரை, நீள நீளமான ஜன்னல்கள். வெயில் தரையில் மெல்ல ஊர்ந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் பாடம் மறந்துவிடும்.

அறைகள் பேசும் — இதுதான் என் முதல் பாடம். யார் பெரியவர், யார் காத்திருக்க வேண்டும், யார் சீக்கிரம் கிளம்ப வேண்டும்... எல்லாம் சொல்லிவிடும். அவரவர் வீட்டுக் கூடத்தை வரைந்து, யாருக்கு எங்கே இடம் என்று குறித்துவரச் சொன்னேன்.

வசந்தியின் படத்தில் அவள் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு எடம் இல்ல மிஸ். பொண்ணு பாக்க வந்தா, வந்து நிக்கிறதோட சரி."

அப்பா மில் தொழிலாளி. முதலியார்பேட்டையில் சின்ன வீடு. கூடத்தில் மேற்கே ஒரே ஜன்னல். பெண் பார்க்க வருகிறவர்கள் அதற்கு முதுகு காட்டி உட்காருவார்கள். சாயங்கால வெயில் முழுக்க எதிரே நிற்கிற இவள் முகத்தில். இவளுக்கோ அவர்கள் வெறும் நிழல்கள். யாரை யார் பார்க்கச் செய்த ஏற்பாடு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? இரண்டு இடம் அப்படிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. மூன்றாவதாக ஓர் இடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. இதுவும் தட்டிப்போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்த நேரம்... வசந்தி நாற்காலிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டாள். ஜன்னலடியில் தனக்கு ஒரு பாய்.

மாப்பிள்ளைக்கு சேதராப்பட்டு ஃபேக்டரியில் வேலை. வந்து உட்கார்ந்தார். வெயில் நேரே முகத்தில். கண்ணைச் சுருக்கினார், வியர்த்தார். ஜன்னலைச் சாத்தலாமே என்றார் அவருடைய அப்பா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை எழுந்து வந்து, பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சத்தில் தூசு மிதப்பதை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்...

பிறகு வசந்தி கேட்டிருக்கிறாள்: "ஒங்க வீட்டுக் கூடத்துல எனக்கு எடம் எங்க?"

"யோசிச்சதில்ல. நீங்களே வந்து பாருங்க."

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண்ணே போவதா? அம்மா தயங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிக்கொண்டு போனார். போய்வந்த கதையைச் சொல்லத்தான் இந்த முதல் ஆள் வருகை.

வீடு எப்படி என்றேன்.

"அவங்க அம்மா சமையக்கட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாங்க மிஸ். கூடத்துல அவங்களுக்கும் எடமில்ல. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டேன். ஒக்காந்துட்டு... என் கையப் புடிச்சிக்கிட்டாங்க."

படிப்பு நிற்கக் கூடாது என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டாராம். தை மாதம் கல்யாணம்.

மார்க் போட வேண்டிய நான், அட்சதை போடப் போகிறேன்!