கும்மிடிப்பூண்டியில் ஓர் எதிர் ஓட்டு

1956 நவம்பர் 6, செவ்வாய். காலை 7-20க்குச் சென்னை சென்ட்ரலில் கூடூர் பாசஞ்சர் ஏறினேன். கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய முப்பது மைல். மூன்றாம் வகுப்பு, பதினாலணா. அங்கே ஒரு ரைஸ் மில் தொழிலாளர்களின் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு ஆண்டுக் கூட்டம். மில் முதலாளி ரங்கையா என் ஆபீஸ் நண்பரின் மாமனார். நான் அமெரிக்கப் பத்திரிகைகள் படிக்கிறவன் என்று கேள்விப்பட்டு, தலைமை வகித்து அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றிப் பேச அழைத்திருந்தார். அன்றுதான் அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல். பொருத்தமான நாள் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

எண்ணூர் தாண்டியதும் இரு பக்கமும் மழைத்தண்ணீர். மடியில் விரித்திருந்த பத்திரிகையில் ஒரு செய்தி: தெற்கு ராஜ்யங்களில் கறுப்பு இனத்தவர் ஓட்டர் ஜாபிதாவில் பெயர் பதியப் போனால், மறுநாளே எஜமான் வேலையிலிருந்து நீக்கிவிடுகிறானாம். பென்சிலை எடுத்து ஓரத்தில் 'வெட்கம்' என்று எழுதி, தேதியும் போட்டேன்.

9-25. கும்மிடிப்பூண்டி, ஐந்து நிமிஷம் தாமதம். என்னை அழைத்துப்போக மில்லிலிருந்து முனுசாமி என்பவர் வந்திருந்தார். நெல் அவிக்கிற வேலை. நாற்பது வயது இருக்கும். முன்கை இரண்டிலும் ஆவி பட்ட தழும்புகள். பாதை சேறாக இருந்ததால் வண்டி வரவில்லை. ஒன்றரை மைல் நடந்தோம். பையை என்னிடம் தர மறுத்துவிட்டார்.

"அமெரிக்காவுல இன்னிக்கு ஓட்டாமே, மெய்யா சார்?"

மெய்தான் என்றேன். அங்கே பல ஊர்களில் ஓட்டுப் போட இயந்திரம் உண்டு. திரையை இழுத்து மூடிக்கொண்டு பிடியைத் தள்ளினால் போதும். ஒருவர் யாருக்குப் போட்டார் என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று விவரித்தேன்.

"எங்க ஊட்டுல அது நடக்காது சார். நான் யோசிக்கிறதுக்கு மின்னாடியே ஊட்டுக்காரிக்குத் தெரிஞ்சிடும்" என்று சிரித்தார். பையைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு, "அந்தத் திரை சமாச்சாரத்தை இன்னிக்கு மீட்டிங்குல சொல்வீங்களா சார்?" என்றார்.

"சொல்லாமலா?"

"சொல்றதோட உட்றாதீங்க. எங்களுக்கும் சீட்டுல எழுதிப் போடச் சொல்லுங்க. பண்டகசாலை மில் காம்பவுண்டுக்குள்ள கீது. மொதலாளியே தலைவரு. அவருக்கு ஆவாதவன் கேட்டுக்குள்ள பூந்து அரிசி, மண்ணெண்ணெய் வாங்க முடியாது. இந்த வருசம் வேற ஆளைப் போடலாம்னு பதினஞ்சு பேரு பேசி வச்சிக்கினு கீறோம். கையைத் தூக்குன்னா ஒருத்தனும் தூக்கமாட்டான். சீட்டுன்னா போடுவான்."

"கூட்டத்துக்குத் தலைவர் நான்தானே? சொல்கிறேன்" என்றேன்.

2-00. மில் களத்தில் கூட்டம். விருந்து தாமதமாகி, கூட்டமும் தாமதமாகத்தான் தொடங்கியது. ஆண்களும் பெண்களுமாக அறுபது பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ரங்கையாவுக்கும் நாற்காலி. முக்கால் மணி நேரம் பேசினேன். திரையைப் பற்றிச் சொன்னபோது முனுசாமி பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்ததைப் பார்த்தேன். பேச்சு நன்றாக அமைந்துவிட்டதில் எனக்கே திருப்தி.

அடுத்து பண்டகசாலைத் தலைவர் தேர்தல். ரங்கையாவே நீடிக்கவேண்டும் என்று மில் கணக்குப்பிள்ளை பிரேரேபித்தார். சீட்டுப் போடலாமே என்று தொடங்கினேன்.

ரங்கையா கடிகாரத்தைப் பார்த்தார். "பேஷா போடலாம் சார். ஆனா சீட்டு நறுக்கி, எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுத்து, பொழுது போயிடும். உங்களுக்கு 4-10 வண்டி. நாமெல்லாம் ஒரே குடும்பம். கையைத் தூக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம்."

வண்டியை விட்டால் இரவு அங்கே தங்கவேண்டும். மறுநாள் ஆபீஸ். "சரி" என்றேன்.

ஆதரவாகக் கைகள் எழுந்தன. கணக்குப்பிள்ளை நடவடிக்கைக் குறிப்பைக் கிறுக்கிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை வாங்கி நானே எழுதத் தொடங்கினேன். பென்சிலிலிருந்து கண்ணெடுக்காமல், "எதிராக?" என்று முறைப்படி கேட்டேன்.

நிமிர்ந்தபோது ஒரே ஒரு கை, தழும்புகளோடு. அவர் சொன்ன மற்ற பதினாலு பேர் யாரென்று தெரியவில்லை; எல்லோரும் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'எதிர்: 1' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முழுமையில்லாத குறிப்பு எனக்கு எப்போதும் பிடிக்காது.

"பெயர்?"

"முனுசாமி. தகப்பன் பேரு ஏகாம்பரம்."

"தெளிவா எழுதிக்குங்க சார்" என்றார் ரங்கையா, புன்னகையோடு.

தெளிவாகத்தான் எழுதினேன்.

3-55. ஸ்டேஷனுக்கும் முனுசாமிதான் என் பையைத் தூக்கி வந்தார்.

"உங்கள் முதலாளி ஏதாவது சொன்னாரா?"

"அவரு சொல்லல. கணக்குப்புள்ளை சொன்னாரு. சாரை வண்டி ஏத்திட்டு அப்படியே ஊட்டுக்குப் போயிடு, நாளையிலேருந்து வராதேன்னு."

திரும்பிப் போய் ரங்கையாவிடம் பேசுகிறேன் என்றேன். வண்டியின் புகை தெரிந்தது. நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"பேஜாராவாதீங்க சார். நீங்க பேரு கேக்காட்டி அவருக்கு என்னைத் தெரியாதா? ஆனா ஒண்ணு. நீங்க கேட்டதும், இது சர்க்கார் ரிகார்டு மாதிரி போலக் கீது, நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

வண்டி வந்தது. பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "அமெரிக்காவுல யாரு ஜெயிச்சான்னு ஒரு கார்டு போடுங்க சார்" என்றார். கிண்டலா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 8, வியாழன். சென்னை. காலைப் பத்திரிகையில் முடிவு முழுவதும் வந்துவிட்டது, ராஜ்யம் ராஜ்யமாக. கோடிக்கணக்கான ஓட்டுகள், போட்டவர் பெயர் ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் 'வெட்கம்' என்ற என் எழுத்தும் தேதியும் அப்படியே இருந்தன.

கார்டு வாங்கி முடிவை எழுதினேன். புரட்டி, விலாசப் பக்கத்தில் 'முனுசாமி, த/பெ ஏகாம்பரம்' என்று எழுதியபிறகுதான் தெரிந்தது: மில் விலாசத்தைத் தவிர வேறொன்றும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.