பிரிட்ஜ் ஒழுகுது, சவரிமுத்து வரலையா?

பிரிட்ஜ் ரிப்பேர் வேலையில் மனுசனைப் பாடாய்ப் படுத்துவது இரண்டே சங்கதிதான்: கீழே ஒழுகும் தண்ணீர், மேலே கட்டும் ஐஸ். எனக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதன் பெயர் சவரிமுத்து.

அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் பிரிட்ஜ் உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றை விற்ற கடையில் நாங்கள் இரண்டு பேர் மெக்கானிக். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தொழிலில் அவன் என் சுண்டுவிரலுக்குக்கூட வரமாட்டான், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "சவரிமுத்து வரலையா?" உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அந்த வருசம் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எங்களில் ஒருத்தரை மதராஸுக்கு ஆறு மாசப் பயிற்சிக்கு அனுப்புவாராம். திரும்பி வந்தால் அவன்தான் ஹெட் மெக்கானிக். எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டே விட்டேன். அவர் சொன்னார்: "வீடுகள்ல யாரைக் கேக்குறாகன்னு பாப்போம்ப்பா."

வெற்றிலைத் தட்டு

புகையிலை மண்டிக்காரர் வீட்டில் பிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகி ஹால் முழுக்க ஈரம். முந்தின வாரம்தான் சவரிமுத்து வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, துடைத்து, பேசிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். நான் கதவைத் திறந்தேன். ஐஸ் பெட்டிக்குக் கீழே ஒரு தட்டு இருக்க வேண்டும்; உருகும் தண்ணீர் அதில்தான் விழும். தட்டைக் காணோம்.

திரும்பிப் பார்த்தால் ஹால் மேசையில் அதே தட்டு, வெற்றிலை பாக்கு சகிதம்! வெள்ளை வெளேரென்று பாந்தமாக இருக்கிறதே என்று வீட்டு அம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் வெற்றிலை நீட்டிக்கொண்டிருந்தார். அட கடவுளே, சவரிமுத்துவும் அதிலிருந்தே எடுத்துப் போட்டு மென்றுவிட்டுப் போயிருக்கிறான்! தட்டைக் கழுவி மாட்டினேன். ஒழுகல் நின்றது. பாராட்டுக்காகச் செத்த நேரம் நின்றேன். அம்மாள் முகம் சுருங்கிவிட்டது: "ரெண்டே நிமிசமா? சவரிமுத்துன்னா உக்காந்து நிதானமாப் பாப்பாரு. அவருக்குத்தான் வேலை தெரியும்."

எங்க ஊர்ப் பூட்டு

அடுத்தது பூட்டு வியாபாரி வீடு. மூன்று நாளைக்கு ஒருதரம் ஐஸ் மலையாகக் கட்டுகிறது என்று புகார். போய்ப் பார்த்தால், பிரிட்ஜுக்குக் கொண்டி அடித்து, அவர் பட்டறையிலேயே செய்த கனமான பூட்டு ஒன்று தொங்குகிறது. மருமகள்கள் பாலாடையை எடுத்துவிடுகிறார்களாம். கொண்டி மேலே இறுக்கிப் பிடித்ததில் கதவு கோணிக்கொண்டு, அடியில் விரல் நுழையும் சந்து. வெளிக்காற்று உள்ளே போய்ப் போய் ஐஸாகக் கட்டியிருக்கிறது. இதைச் சவரிமுத்து மூன்று தடவை வந்து உருக வைத்து, பூட்டின் அழகைப் புகழ்ந்து, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் உள்ளதைச் சொன்னேன்: "பூட்டைக் கழட்டுங்க, ஐஸ் கட்டாது." மனுசன் கொதித்துவிட்டார். அன்றைக்கே முதலாளியிடம் ஆள் அனுப்பிச் சொன்னார்: "இனிமே அந்தச் சவரிமுத்துத் தம்பியை மட்டும் அனுப்புங்க. இவன் என் பூட்டையே குறை சொல்றான்."

மதராஸ் ரயில் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போவதுபோல் இருந்தது.

திருப்புளி

வேடசந்தூரில் மில் மேனேஜர் வீடு. இங்கேயும் ஐஸ். பிரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, தானாக உருகும்வரை காத்திருக்க வேண்டும். கத்தி, ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளி எதுவும் படக்கூடாது. பட்டால் ஐஸுக்கு அடியில் ஓடும் கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும்; கேஸ் போனால் பிரிட்ஜ் குளிராது. ஊருக்கெல்லாம் நான் படித்துப் படித்துச் சொன்ன பாடம் இது. மேனேஜர் வீட்டம்மா நடுவில் நடுவில் வந்து, சவரிமுத்து காத்திருந்த நேரத்தில் ரேடியோவைச் சரி பண்ணிக் கொடுத்ததையும், கதை சொல்லி மாமியாரைச் சிரிக்க வைத்ததையும் வர்ணித்தார். எனக்குக் காது பற்றி எரிந்தது. அரை மணியில் முடித்துக் காட்டுகிறேன் பார் என்று, அந்தம்மா அடுப்படிக்குப் போன சமயம் திருப்புளியை எடுத்து ஐஸில் குத்தினேன். உஸ்ஸென்று சத்தம். கேஸ் அத்தனையும் போய்விட்டது.

கடைக்கு வந்து, நாக்கூசாமல் முதலாளியிடம் சொன்னேன்: "போன மாசம் சவரிமுத்து கத்தியால சுரண்டியிருக்கான். அந்த இடம் விட்டுப்போச்சு." சவரிமுத்து பக்கத்தில்தான் நின்றான். என் முகத்தைப் பார்த்தான். என் பையில் நீட்டிக்கொண்டிருந்த திருப்புளியைப் பார்த்தான். "இருக்கும் முதலாளி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான்.

குழாயில் ஓட்டை போட்டவனை அனுப்ப முதலாளிக்கு மனசு வரவில்லை; மதராஸுக்கு நான் போனேன். ரயிலடிக்கு அவன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "பொய் சொல்ற அளவுக்குப் போயிட்டியே, அம்புட்டு ஆசையா இருந்திருக்கு உனக்கு. போயிட்டு வாப்பா."

அந்தப் பிரியாணியை விழுப்புரம்வரை பிரிக்கவில்லை. இவனால் மட்டும் எப்படி முடிகிறது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஹெட் மெக்கானிக்

ஆறு மாசம் கழித்துத் திரும்பி வந்தேன். ஹெட் மெக்கானிக்காக நான் போன முதல் வீடு அதே மேனேஜர் வீடு. பழுது பார்த்து வந்த பிரிட்ஜில் மறுபடி ஐஸ். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உருகும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் அந்தம்மா என்னைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தார்: "சவரிமுத்து வரலையா? அவரு ஓட்டையே போட்டாலும் பரவாயில்ல, அடுத்த தடவை அவரையே அனுப்பிவிடுங்க."

ஒழுகலுக்கும் ஐஸுக்கும் மதராஸில் வைத்தியம் படித்துவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சலுக்கு மட்டும் அங்கேயும் வகுப்பு இல்லை.